எல்லாமே ‘கேஸ்ட்ரிக்’ அல்ல

“டாக்டர், எனக்குப் பழைய கேஸ்ட்ரிக்.”

தெப்ராவில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எங்கே வலிக்கிறது, காட்டுங்கள் என்றால் கை தொப்புளுக்குக் கீழே போகிறது. எப்போது வலிக்கும் என்றால், “டாய்லெட் போறதுக்கு முன்னால முறுக்கிப் பிடிக்கும் டாக்டர், போய்ட்டு வந்தா லேசாயிரும்” என்கிறார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால், “அது இருக்கும், அஞ்சாறு வருசம்” என்று பதில் வருகிறது.

கேஸ்ட்ரிக் என்று நாம் சொல்வது இரைப்பைத் தொல்லையை. இரைப்பை இருப்பது மேல் வயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கீழே. இவர்கள் கைகாட்டுவது குடல் இருக்கும் இடத்தை. ஆனாலும் அஞ்சாறு வருடமாக இரைப்பைக்கான மருந்தைத்தான் குடித்திருப்பார்கள். பாட்டிலில் வரும் வெள்ளை மருந்து, ஈனோ, வயிற்றில் தேய்க்கக் கோடாலித் தைலம், இரவில் அம்மா காய்ச்சிக் கொடுக்கும் பூண்டுப் பால். இந்தக் கடைசி வைத்தியம்தான் பலருக்கு மறுநாள் காலைத் தொல்லையைக் கூட்டிவிடுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த வாரம் அந்தக் குடல் தொல்லையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருத்துவத்தில் இதன் பெயர் ‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’. சுருக்கமாக ஐ.பி.எஸ். பெயரைச் சொன்னதும், “என்ன டாக்டர், போலீஸ் ஆபீசரா?” என்று தமிழ்ப்படம் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். தமிழில் இதைக் ‘குடல் எரிச்சல் நோய்’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டுக் குடலில் ஏதோ எரிகிறது, புண் இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. சீண்டினால் சட்டென்று பொங்கும் ஆளைப் போல, சின்னக் காரணத்துக்கும் குடல் பெரிதாகத் துள்ளுகிறது. ‘முன்கோபக் குடல்’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் விஷயம் பிடிபடும்.

மனப் பிரமையா?

“ஸ்கோப் போட்டுப் பார்த்தாச்சு, எல்லாம் கிளியர்னு சொல்லிட்டாங்க. அப்ப எனக்கு வலிக்கிறது பொய்யா?” என்று ஒரு பெண்மணி கேட்டார். வீட்டில் அவரை யாரும் நம்பவில்லை. வேலைக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறார் என்றுகூடப் பேச்சு வந்திருக்கிறது.

வலி பொய்யில்லை. 1973ஆம் ஆண்டு ரிச்சி என்ற ஆய்வாளர் பிரிட்டனில் ஒரு சோதனையை வெளியிட்டார். பெருங்குடலின் கீழ்ப் பகுதியில் ஒரு சிறு பலூனை வைத்து, 60 மில்லிலிட்டர் அளவுக்கு ஊதிப் பார்த்தார். இந்த நோய் இல்லாதவர்களில் 100க்கு 6 பேருக்குத்தான் வலித்தது. நோய் உள்ளவர்களில் 100க்கு 55 பேருக்கு வலித்தது. பலூன் ஒன்றுதான், காற்றும் ஒரே அளவுதான். குடல் நரம்புகள் அதை உணரும் விதத்தில்தான் வித்தியாசம். சாதாரணமாக எல்லோர் வயிற்றிலும் உண்டாகும் காற்று, இவர்களுக்கு மட்டும் வலியாகத் தெரிகிறது.

குடலின் சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. உணவை எவ்வளவு வேகமாகத் தள்ளுவது, எங்கே நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் அவையே பார்த்துக்கொள்கின்றன. மூளையோடும் அவற்றுக்கு ஓயாத பேச்சுவார்த்தை உண்டு. பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும்போது வயிற்றைக் கலக்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் ஒலி கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்கோப் என்பது குடலின் உட்சுவரைக் காட்டும் கேமரா. நரம்பு எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்பதை அது காட்டாது. அதனால்தான் ‘எல்லாம் கிளியர்’ என்ற முடிவும் வலியும் ஒரே ஆளிடம் இருக்க முடிகிறது.

சிலருக்கு இது ஒரு வயிற்றுப்போக்குக்குப் பிறகு தொடங்குகிறது. கனடாவில் வாக்கர்ட்டன் என்ற சிறு நகரில், 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கிருமி கலந்தது. 2,000க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களை மருத்துவர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அப்போது நோய்ப்பட்டவர்களில் 100க்கு சுமார் 28 பேருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் ஐ.பி.எஸ். அறிகுறிகள் இருந்தன. எட்டு ஆண்டுகள் கழிந்தபோது அது 15 ஆகக் குறைந்திருந்தது. இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. கிருமி போன பிறகும் குடல் அந்தச் சண்டையை மறக்காமல் இருக்கலாம். காலப்போக்கில் பலருக்கு அது தணியவும் செய்கிறது. “கடையில சாப்பிட்டு ஒரு தடவை ஃபூட் பாய்சன் ஆச்சு, அதிலேர்ந்துதான்” என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவது இதனால்தான்.

எப்படி அடையாளம் காண்கிறோம்?

இரத்தம் எடுத்து ‘ஐ.பி.எஸ். உண்டு, இல்லை’ என்று சொல்லும் பரிசோதனை கிடையாது. உலக அளவில் மருத்துவர்கள் ‘ரோம் வரையறை’ என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நான்காம் பதிப்பு 2016இல் வந்தது. கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலியோடு மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும்: மலம் கழிப்பதோடு வலி கூடுவதோ குறைவதோ, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது. தொல்லை தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும்.

மலத்தின் தன்மையைச் சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். அதற்காகவே பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் ஒரு படப் பட்டியல் தயாரித்திருக்கிறார்கள். ஆட்டுப் புழுக்கை போன்றது ஒன்றாம் எண், வெறும் தண்ணீராகப் போவது ஏழாம் எண். நோயாளி விரலை வைத்துக் காட்டினால் போதும். ஒன்று, இரண்டு என்றால் மலச்சிக்கல் வகை. ஆறு, ஏழு என்றால் பேதி வகை. இரண்டும் மாறி மாறி வந்தால் கலப்பு வகை. எந்த வகை என்று தெரிவது முக்கியம். ஒரு வகைக்கு உதவும் மருந்து இன்னொரு வகையை மோசமாக்கிவிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது? மலேசிய மருத்துவ மாணவர்களிடையே நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 100க்கு 16 பேருக்கு இருந்தது. அப்போதைய வரையறை சற்றுத் தளர்வானது. இன்றைய கறாரான வரையறையை வைத்து உலகின் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வந்தது. அதில் இணையவழி பதில் சொன்னவர்களில் 100க்கு சுமார் 4 பேர். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், 1,000 பேர் கூடும் ஒரு கல்யாண மண்டபத்தில் 40 பேர் இந்தத் தொல்லையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாததால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்.

இவை இருந்தால் காத்திருக்காதீர்கள்

இந்தப் பத்தியில் ஒரு பகுதியை மட்டும் கத்தரித்து வைக்க விரும்பினால், இதை வையுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், ‘எனக்கு ஐ.பி.எஸ்.தான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

மலத்தில் இரத்தம், அல்லது தார் போல் கறுத்த மலம்.
முயற்சி செய்யாமலே எடை குறைவது.
தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது பேதி.
இரத்தச் சோகை, விடாத காய்ச்சல்.
50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வயிற்று மாற்றம்.
குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் அல்லது குடல் அழற்சி நோய்.

நமக்கு இதில் கூடுதல் காரணம் உண்டு. பெருங்குடலில் உண்மையாகவே புண் உண்டாக்கும் ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்ற அழற்சி நோய், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகமாகக் காணப்படுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கும் வயிற்று வலி, பேதிதான் அறிகுறி. கூடவே இரத்தமும் வரும். ‘மூலமாக இருக்கும்’ என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அந்த ஒரு வருடமும் குடல் புண்ணாகிக்கொண்டே இருக்கும்.

பெருங்குடல் புற்றுநோயும் அப்படித்தான். நம் நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி ஆண்களிடம் அதுவே முதலிடத்தில் இருக்கிறது, பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில். பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அரசாங்க கிளினிக்குகளில் செய்யப்படுகிறது. ஒரு சிறு குப்பியில் மாதிரி கொடுத்தால் போதும். போய்க் கேளுங்கள்.

இந்த அபாய அறிகுறிகள் எதுவும் இல்லாத இளவயதுக்காரருக்கு, ஐ.பி.எஸ். என்று சொல்லப் பெரிய பரிசோதனைகள் தேவைப்படுவதில்லை. இரத்த எண்ணிக்கை, அழற்சிக்கான பரிசோதனை, தேவைப்பட்டால் தைராய்டு, குடல் அழற்சி உண்டா என்று காட்டும் மலப் பரிசோதனை. இவ்வளவில் பெரும்பாலும் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை கிளினிக் மாற்றி கிளினிக் போய் ஸ்கோப், ஸ்கேன் என்று செலவு செய்வதில் நோய் குறையாது, பயம்தான் கூடும்.

விடியற்காலை பாலத்தில்

தெப்ராவ் வட்டாரத்தில் எங்கள் தாமான்களில் பல வீடுகளில் விடியற்காலை நான்கு மணிக்கே விளக்கு எரியும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் மோட்டாரை எடுக்கும் நேரம் அது. 1924இல் திறந்த கடற்பாலம் நீளத்தில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். நெரிசல் நாளில் அந்த ஒரு கிலோமீட்டரையும் இரண்டு பக்கக் குடிநுழைவுச் சோதனையையும் தாண்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். முன்னாலும் பின்னாலும் மோட்டார்கள். இறங்கி ஓட இடமில்லை. முன்கோபக் குடல் உள்ளவருக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு 29 வயது. அங்கே கிடங்கு ஒன்றில் வேலை. ஒருநாள் பாலத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்த பிறகு, வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். காலையில் ஒன்றும் இல்லை. பாலத்துக்கு முன்னால் ஒரு கடையில் பால் கலந்த கோப்பி மட்டும். மதியம் பிஸ்கட். இரவு வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டு சோறு, சம்பல், பொரித்த கோழி. மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தார். எடை குறைந்ததால் எல்லாப் பரிசோதனையும் செய்ய வேண்டியிருந்தது. ஸ்கோப்பும் செய்தார்கள். குடல் நன்றாகவே இருந்தது. சாப்பிடப் பயந்ததால் இளைத்திருந்தார்.

அவருக்கு நான் முதலில் விளக்கியது, உணவு இரைப்பைக்குள் இறங்கியதும் பெருங்குடல் தானாகவே சுருங்கத் தொடங்கும் என்பதை. எல்லோருக்கும் உள்ள இயல்பு இது. காலையில் எழுந்த பிறகு இது வலுவாக இருக்கும். கோப்பி இதைத் தூண்டும். கொழுப்பு நிறைந்த பெரிய சாப்பாடும் தூண்டும். வெறும் வயிற்றில் கோப்பி குடித்துவிட்டு உடனே பாலத்தில் ஏறினால், குடல் சுருங்கும் நேரமும் வரிசையில் நிற்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே நேரத்தை மாற்றினோம். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர். வீட்டிலேயே கொஞ்சம் இடியாப்பமோ சோறோ, ஒரு முட்டை. பிறகு கால் மணி நேரம் அவசரமில்லாமல் கழிவறை. கோப்பி, வேலையிடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. தவிர்க்கவே முடியாத நாள்களில், என்னிடம் கேட்டுக்கொண்டு, புறப்படுமுன் லோப்பரமைட் மாத்திரை ஒன்று. காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது. பையில் ஒரு மாற்று உடை. வழியில் கழிவறை எங்கெங்கே இருக்கிறது என்று அவரே பட்டியல் எழுதினார். அந்த மாற்று உடையை இதுவரை அவர் பயன்படுத்தவில்லை. ஆனால் அது பையில் இருக்கிறது என்ற தைரியத்தில் பாதிப் பயம் போயிற்று என்றார். பயம் குறைந்தால் குடலின் துள்ளலும் குறையும். எடை மெல்லத் திரும்பியது. இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு மோசமான நாள்கள் உண்டு. வேலையை விடவில்லை.

பாசீர் கூடாங் தொழிற்சாலைகளில் இரவு வேலை, பகல் வேலை என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கும் இதே தொல்லை. குடலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. மாற்று வேலை பார்க்கும் செவிலியர்களிடம் ஐ.பி.எஸ். அதிகம் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வேலை நேரத்தை மாற்ற முடியாது. எழுந்த பிறகு முதல் சாப்பாடு, அடுத்த சாப்பாடு என்ற இடைவெளியை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள முடியும். அதிகாலை மூன்று மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதை நிறுத்த முடியும்.

நம் சமையலறையில்

இனி பூண்டுப் பாலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் ஆகிய இருவரும் 2005 முதல் ஓர் உணவு முறையை முன்வைத்தார்கள். ‘லோ ஃபோட்மேப்’ என்று அதற்குப் பெயர். சில வகை மாவுச்சத்தும் சர்க்கரையும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே கிருமிகள் அவற்றை நொதிக்க வைத்துக் காற்றை உண்டாக்குகின்றன. மற்றவர்களுக்குப் பெரிதாகத் தெரியாமல் போவது, முன்கோபக் குடலுக்கு வலியாகிறது.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் நம் சமையலறையை ஒருவர் எட்டிப் பார்த்து எழுதியது போல் இருக்கும். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, கொண்டைக்கடலை, பால், காலிஃப்ளவர், காளான், மாம்பழம், தர்பூசணி. பூண்டில் ஒன்று, பாலில் இன்னொன்று. வாயுவுக்கு என்று குடிக்கும் பூண்டுப் பாலில் காற்றை உண்டாக்கும் இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப் பாலும் பால்தான். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கத்தில் சேர்க்கும் சோர்பிட்டால், சைலிட்டால் போன்றவையும் இதே வேலையைச் செய்யும். நீரிழிவுக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

உடனே வெங்காயத்தைத் தூக்கி எறியாதீர்கள். இந்த முறையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதல் இரண்டு முதல் ஆறு வாரம் பட்டியலில் உள்ளவற்றைக் குறைப்பது. குணம் தெரிந்தால், பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பது. கடைசியில், தொல்லை தருவதை மட்டும் குறைத்து மற்றதைச் சாப்பிடுவது. முதல் கட்டத்திலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுபவர்களை நான் பார்க்கிறேன். அவர்களுக்குச் சத்துக் குறைவு வரும், குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகளும் குறையும். முடிந்தால் உணவியல் நிபுணரிடம் ஒருமுறை பேசுங்கள். அரசாங்க மருத்துவமனைகளில் அவர்கள் இருக்கிறார்கள். வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே மெலிந்தவர்கள் தாங்களாக இதைத் தொடங்கவே கூடாது.

நம் சமையலுக்கு ஒத்துவரும் சில வழிகளைச் சொல்கிறேன். பூண்டில் தொல்லை தரும் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் வதக்கி, வாசனை இறங்கியதும் பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் உடனே சமைக்கலாம். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி. பெருங்காயம் நல்ல மாற்று, ஆனால் கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் கோதுமை மாவு கலந்திருக்கலாம், லேபிளைப் பாருங்கள். பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேகவைத்த தண்ணீரையும் வடித்துவிட்டால் தொல்லை குறையும். சோறு, இடியாப்பம், மீஹூன், முட்டை, மீன், கோழி, கேரட், பசலைக்கீரை, வெள்ளரி, கத்தரிக்காய், பப்பாளி, ஆரஞ்சு ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். பட்டினி கிடக்கத் தேவையில்லை.

புரட்டாசி மாதத்தில் என் கிளினிக்கில் வயிறு உப்பியவர்கள் கூடுதலாக வருவார்கள். இறைச்சியை நிறுத்தி, அந்த இடத்தில் சுண்டல், பருப்பு, சப்பாத்தி என்று ஒரே நாளில் மூன்று மடங்கு ஏற்றிவிடுகிறார்கள். விரதம் நல்லதுதான். தோஃபுவும் முட்டைக்கோசும் கேரட்டும் சைவம்தானே, அவற்றுக்கும் தட்டில் இடம் கொடுங்கள்.

மிளகாயைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மிளகாயின் காரப்பொருள் குடலில் வலி உணரும் நரம்பு முனைகளையே தொடுகிறது. பேதி வகை நோயாளிகளுக்கு மிளகாய் கலந்த சாப்பாடு வலியையும் எரிச்சலையும் கூட்டுவதைத் தாய்லாந்து மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். நமக்குச் சம்பல் இல்லாமல் சோறு இறங்காது என்பது எனக்கும் தெரியும். பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் உங்கள் குடலுக்குப் பகை வேறு எங்கோ இருக்கிறது.

நார்ச்சத்திலும் குழப்பம் உண்டு. “நிறைய நார்ச்சத்து சாப்பிடு” என்ற பொது அறிவுரை இங்கே பாதிதான் சரி. கோதுமைத் தவிடு பலருக்கு உப்புசத்தைக் கூட்டும். இந்தியக் கடைகளில் கிடைக்கும் இசப்கோல் தண்ணீரில் ஊறிக் குழைவது, அதுவே உதவும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

மருந்தும் மனமும்

நோயை ஒரேயடியாகத் துடைத்தெடுக்கும் மருந்து இதற்கு இல்லை. தொல்லையைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. குடல் முறுக்கலைத் தளர்த்தும் மாத்திரைகள், குடலில் போய்க் கரையும் புதினா எண்ணெய்க் குளிகை, பேதிக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒன்று. இவை போதவில்லை என்றால், மருத்துவர் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை மிகக் குறைந்த அளவில் தரலாம். மருந்துக் கடையில் அது மனச்சோர்வு மாத்திரை என்று தெரிந்ததும், “எனக்கு என்ன பைத்தியமா?” என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. இந்தச் சிறு அளவில் அது குடலுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள நரம்புப் பேச்சின் ஒலியைக் குறைக்கத்தான் பயன்படுகிறது. இங்கிலாந்தில் 463 பேரை வைத்து நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரையைவிட இது நன்றாகவே வேலை செய்தது. வாய் உலர்வது, தூக்கம் வருவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு. மோட்டார் ஓட்டுகிறவர்கள் இரவில் எடுத்து, முதல் சில நாள்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மனதுக்கான சிகிச்சையும் அப்படித்தான். வலியைக் கண்டு பயப்படும் பழக்கத்தை மாற்றப் பயிற்சி தரும் ஆலோசனை, மெதுவாக வயிற்றால் மூச்சு விடும் பயிற்சி, தினமும் அரை மணி நேர நடை. இவை பலருக்கு மாத்திரை அளவுக்கே உதவுகின்றன. இதைச் சொன்னால், ‘மனசுதான் காரணம் என்கிறார்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொலைபேசியில் இரைச்சல் வந்தால் எந்த முனையிலிருந்தும் சரிசெய்யலாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் தவிருங்கள். ‘குடலைக் கழுவும்’ பானம், ‘ஏழு நாளில் வயிற்றுக் கழிவு நீங்கும்’ பொடி என்று நண்பர்கள் வழியாக வருபவை. பலவற்றில் பேதி மருந்துதான் இருக்கும். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துப் பொருளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஒட்டுச் சின்னமும் இருக்கும். அவை இல்லாததை வாங்காதீர்கள்.

மருத்துவரிடம் போகுமுன்

இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வலி எப்போது, எத்தனை முறை போனீர்கள், எப்படிப் போயிற்று, அன்று தூக்கம் எப்படி, வேலையில் ஏதாவது சண்டையா. பெண்கள் மாதவிலக்கு நாள்களையும் குறித்துக்கொள்ளுங்கள், பலருக்கு அந்த நாள்களில் தொல்லை கூடும். அந்த நோட்டைப் பத்து நிமிடம் படித்தால் எனக்குக் கிடைக்கும் தகவல் பல ஸ்கேன்களில் கிடைக்காது. பலருக்கு என்னிடம் வருமுன்பே அவர்களுடைய பகை எது என்று தெரிந்துவிடுகிறது.

தனியார் கிளினிக்குக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து கடிதம் வாங்கி, தேவைப்பட்டால் மருத்துவமனை நிபுணரிடம் போகலாம். போகும்போது, “கேஸ்ட்ரிக்” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். வலிக்கும் இடத்தைக் கையால் காட்டுங்கள். டாய்லெட் விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எங்களுக்கு அதைக் கேட்பதுதான் வேலை.

வீட்டில் யாராவது கல்யாணத்துக்கு வரமாட்டேன், நீண்ட பயணம் வேண்டாம், வெளியில் சாப்பிடமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டே இருந்தால், கோபப்படுமுன் ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கள். வயிற்றைப் பற்றிச் சொல்லத் தெரியாமல்தான் பலர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.